மனிதநேயத்துக்கு நாலு புள்ளி

நான் எழுதிய கதையில் அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு மண்குடம் இருக்கிறது. விளிம்பு உடைந்து, ஈரம் கசிந்து, வாசிப்பவர் மனத்தை உருக்குவதற்கென்றே செய்துவைத்த குடம். உண்மையில் அவர் கொண்டுவந்தது எண்ணெய் வந்த பழைய பிளாஸ்டிக் கேன். வெள்ளை நிறம் மஞ்சளேறிப்போயிருந்தது. பக்கத்தில் பாதி சுரண்டிய லேபல், கைப்பிடி வெடித்த இடத்தில் சுற்றிய பழஞ்சீலை, தொலைந்துவிடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்ட நீல மூடி. நடக்கும்போது அந்த மூடி கேனில் தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் அவர் வருவதை அறிவோம். குடம் என்று எழுதினால்தான் இலக்கியம், கேன் என்று எழுதினால் சரிவராது என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது. குடத்தைப் பற்றிக் கதையில் ஒரு பந்தி முழுக்க எழுதியிருக்கிறேன். கேனைப் பற்றி இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

அவர் மன்னார்ப் பக்கத்துப் பெண். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்களையெல்லாம் விரட்டியபோது ஊரைவிட்டுப் புத்தளத்துக்கு வந்து சேர்ந்த சனத்தில் ஒருவர். எங்கள் வீட்டுக்கு அடுத்த தென்னந்தோட்டத்தில் கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக எழும்பின. அந்தத் தோட்டத்துக் கிணறு உப்புச் சவர். வாயில் வைக்க ஏலாது. எங்கள் கிணறு நல்ல தண்ணீர். ஊர் அன்றைக்குச் செய்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பள்ளிவாசலைத் திறந்தார்கள், பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள், வீடு வீடாகச் சோறு போனது. எங்கள் வீட்டிலிருந்தும் போனது. ஆனால் கிணற்று விஷயத்தில் வாப்பா ஒரு சட்டம் போட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கேட் திறக்கும், பொழுதுபட மஃரிபுக்குப் பூட்டப்படும். "கிணறு வத்திச்செண்டா நாமளும் கேன் தூக்கிக்கிட்டு அலைய வேண்டியதுதான்" என்பார். நியாயமான பேச்சாகத்தான் அப்போது கேட்டது. வசதியாக இருக்கிறவன் வாயில் எதுவும் நியாயமாகத்தான் கேட்கும்.

ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம் அந்த மூடிச் சத்தம் கேட்டது. வாப்பா சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். நான் முன் விறாந்தையில் கதிரை போட்டுச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வள்ளல்களின் கொடையைப் பற்றிய பாட்டொன்றை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இதை நான் சோடித்துச் சொல்லவில்லை. அந்த வருடத்துப் பாடம் அது. கேட்டுக்கு வெளியே நின்று அவர் உம்மாவைக் கூப்பிட்டார். "ராத்தா, புள்ளைக்குக் காய்ச்சல். கேன் நெறைய வேணாம், பாதி போதும்." உம்மா குசினி வாசலுக்கு வந்தார். கேட்டின் சாவி என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. உம்மா சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, "வாப்பா எழும்பட்டும் மகன்" என்றுவிட்டு உள்ளே போனார். நான் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அவர் போகவில்லை. மதிலோரத்தில் கேன் அளவுக்கே இருந்த நிழலில் அதை வைத்துவிட்டு வெயிலில் நின்றார். அஸர் பாங்கு சொல்லி, வாப்பா தொழுதுவிட்டு வந்து கேட்டைத் திறக்கும்வரை நின்றார். உள்ளே வந்து, தானே தண்ணீர் இறைத்து, கேனை நிரப்பி, மூடியை இறுக்கினார். போகும்போது உம்மாவிடம் ஒரு சொல் சொன்னார். "கயிறு அறப் போகுது ராத்தா, மாத்திடுங்க. வாளி உள்ள போனா எல்லாருக்கும்தான் கஷ்டம்." அவ்வளவுதான். குரலில் கோபமில்லை. கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, வாத்தியார் வேலையில் சேர்ந்த புதிதில், நான் இதைக் கதையாக எழுதினேன். கதையில் அவர் விம்மி விம்மி அழுகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் அப்படியே இருக்கிறது, மதிய வெயில் அப்படியே இருக்கிறது. ஆனால் கேட் திறந்தே கிடக்கிறது. உம்மா ஓடிவந்து, தன் கையாலேயே இறைத்து, முதலில் அவர் ஏந்திய கைகளில் வார்த்து, பிறகு குடத்தை நிரப்பி அனுப்புகிறார். கதையின் உம்மாவுக்கு என் உம்மாவின் பெயரையே வைத்தேன். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில், "நல்லா இரிக்கி மகன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

கதை ஒரு மலரில் வந்தது, பாராட்டும் வந்தது. நான் தமிழ்மொழி ஆசிரிய ஆலோசகராகிப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போய்வரத் தொடங்கிய காலத்தில், உயர்தர மாணவர்களுக்கான துணை வாசிப்புத் தொகுப்பொன்றிலும் அதைச் சேர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பின் முதலாந் தவணைப் பரீட்சையில் அதைப் பற்றி விமர்சனக் கட்டுரை கேட்பது என்று முடிவானது. எதற்கு எத்தனை புள்ளி என்கிற திட்டத்தை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கதைய எழுதினவரே இரிக்கும்போது வேற யாரு?" நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினேன், வேண்டும் என்று எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி. வீட்டுக்கு வந்து எழுதினேன். கதைக்கரு, பாத்திர வார்ப்பு, மொழிநடை, உத்தி. கடைசியாக, கதாசிரியரின் மனிதநேயம். அதற்கு நாலு புள்ளி. ஐந்து போட மனம் கூசியது. என் அடக்கத்தின் அளவு ஒரு புள்ளி.

விடைத்தாள் திருத்தக் கல்வி வலயத்து ஆசிரியர்கள் ஒரு மண்டபத்தில் கூடினோம். எனக்குப் பக்கத்தில் சிலாபத்து டீச்சர். கை வேகமும் வாய் வேகமும் உள்ளவர், திட்டத்தில் இல்லாத ஒரு வரிக்கும் அரைப் புள்ளி கொடுக்கமாட்டார். அவர் திருத்திய தாள்களை மீண்டும் பார்ப்பது என் பொறுப்பு. எல்லாப் பிள்ளைகளும் டியூஷன் குறிப்பை அப்படியே இறக்கியிருந்தார்கள். 'கதாசிரியர் மனிதநேயம் மிக்கவர்.' 'கதாசிரியரின் மனிதநேயம் கல் நெஞ்சையும் கரைக்கும்.' தாளுக்குத் தாள் எனக்கு நானே சரி போட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்ததா என்றால், அப்போது இல்லை. உள்ளுக்குள் இனித்தது.

"சேர், உங்கட மனிதநேயத்துக்கு இங்க ஒரு பிள்ளை முட்டை போட்டிருக்கு" என்று சிரித்துக்கொண்டு டீச்சர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். கையெழுத்து சிறிதாக, நேராக இருந்தது. சுட்டெண் மட்டும்தான், பெயர் இல்லை. நான் வாசித்தேன். 'இக்கதையில் தண்ணீர் கொடுப்பவருக்குப் பெயர் உண்டு. கிணற்றை வெட்டியவருக்கும் பெயர் உண்டு. வாசலில் நிற்கும் மாமரம் என்ன சாதி மாமரம் என்றுகூடச் சொல்லப்படுகிறது. தண்ணீர் கேட்டு வந்தவருக்குப் பெயர் இல்லை. அவர் பேசுவதாக ஒரு வசனமும் இல்லை. அழுகை மட்டுமே உண்டு. அவர் ஏன் அழுகிறார் என்பதும் விளங்கவில்லை. கேட்டால் கொடுக்கும் வீட்டில் ஒருவர் அழுதுகொண்டு கேட்பானேன்? இது தண்ணீர் இல்லாதவரின் துயரைச் சொல்லும் கதையல்ல. தண்ணீர் கொடுத்ததாகத் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்ளும் கதை என்றே எனக்குப் படுகிறது.'

'கொடுத்ததாக' என்று எழுதியிருந்ததே, அந்தச் சொல்லில் என் கண் நின்றுவிட்டது. யாரோ எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளையாக இருக்குமோ? இத்தனை வருடமாக அந்த வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்களோ? மனம் இப்படி ஓடிக்கொண்டிருக்க, வாய் என்ன சொன்னது தெரியுமா? "திட்டத்துல இல்லாததுக்கு எப்படி டீச்சர் புள்ளி போடுறது." டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "திட்டம் நீங்க போட்டதுதானே சேர். நீங்க சொல்றதுதான்." அந்த நாலு புள்ளி போனால் அந்தத் தாளுக்கு 'ஏ' தரம் இல்லை. அந்த 'ஏ' கிடைக்காவிட்டால் கலைப்பிரிவை விட்டு வர்த்தகத்துக்கு மாறிவிட வேண்டும் என்று வீட்டில் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். அறியாமல் இருந்தபோதே பேனையைப் பிடித்த கை தயங்கியது, அது ஒன்றுதான் என் பக்கத்தில் சொல்லக்கூடியது.

தேநீருக்கு எல்லோரும் எழும்பிப் போனார்கள். பணிஸும் பிளேன்ரீயும் என் மேசைக்கே வந்தன, தொடவில்லை. தாளை மறுபடி வாசித்தேன். பிறகு மனிதநேயத்துக்கு நாலு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். டீச்சர் திரும்பி வந்து பார்த்துவிட்டு, "ஏன் சேர்?" என்றார். "புள்ளை யோசிச்சு எழுதியிரிக்கி" என்றேன். பெருந்தன்மை என்று நினைத்திருப்பார். பிள்ளை எழுதியது உண்மை டீச்சர், அன்றைக்குக் கேட் பூட்டித்தான் இருந்தது என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. புள்ளியைக் கொடுத்துவிட்டுப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். வாப்பா கேட்டைத் திறந்ததும் இப்படித்தான், தனக்கு வசதியான நேரத்தில்.

அடுத்த மாதம் கல்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றுக்கு விடைத்தாள்களைப் பற்றிக் கதைக்கப் போனேன். வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை தாளைச் சுருட்டிப் பிடித்தபடி வந்தாள். 'ஏ' கிடைத்த சந்தோஷம் முகத்தில் இல்லை. கலைப்பிரிவிலேயே படிக்க அவளுடைய வாப்பா சம்மதித்துவிட்டார் என்பதை மட்டும் அவளுடைய டீச்சர் பக்கத்தில் நின்று சொன்னார். அவள் தாளை விரித்து என் எழுத்தைக் காட்டினாள். "மனிதநேயத்துக்கு நாலும் தந்திரிக்கீங்க சேர். நான் அது இல்லையெண்டுதானே எழுதின?"

அதை விட்டுவிட்டு, மனத்தில் கிடந்ததைக் கேட்டேன். "உங்கட உம்மும்மா, வாப்பும்மா யாரும் மன்னாரா மகள்?"

"இல்ல சேர். நாங்க எல்லாரும் இந்த ஊர்தான்."

"அப்ப இது உங்களுக்கு யாரு சொன்னது?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "யாரும் சொல்லல்ல சேர். கதையிலயே இரிக்கே."

அவள் யாருடைய பேத்தியாகவாவது இருந்திருக்கலாம் என்று இப்போதும் ஆசைப்படுகிறேன். இருந்திருந்தால் தெரிந்தவர் சொல்லித் தெரிந்துகொண்டாள் என்று ஆறியிருப்பேன். நான் மறைத்துவிட்டதாக நினைத்திருந்தது எல்லாம் வரிக்கு வரி வெளியே கிடந்திருக்கிறது. கதையைப் பாராட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்களோ. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "அவங்க நெசமா இருந்தவங்களா சேர்?" ஓம் என்றேன். "அவங்கட பேரு என்ன?" மறந்துபோச்சு மகள் என்றேன். தெரிந்திருந்தால்தானே மறப்பதற்கு. அங்கேயும் ஒரு பொய்.

எங்கள் கிணறு சவராகிச் சில வருடங்களாகின்றன. சுற்றிவரக் குழாய்க்கிணறு அடித்து, மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் போய்விட்டது. இப்போது வடிகட்டின தண்ணீர் விற்கிற இடத்தில் பின்னேரங்களில் நானும் கேனோடு வரிசையில் நிற்கிறேன். அவர்கள் திறக்கிற நேரத்துக்குத்தான் போகவேண்டும். கல்பிட்டியிலிருந்து வந்த அன்றும் அப்படி நின்று, நிரப்பி, வீட்டுக்கு வந்து குசினியில் கேனை இறக்கினேன். உம்மா கட்டிலில் சாய்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். வாப்பா போய் வெகுகாலம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "உம்மா, அகதியா வந்து பக்கத்துத் தோட்டத்துல இருந்தாங்களே, நம்மட கயிற மாத்தச் சொன்னவங்க. அவங்கட பேரு என்ன?"

உம்மாவின் விரல் தஸ்பீஹ் மணியில் நின்றது. யாரைக் கேட்கிறேன் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரும் அந்த மத்தியானத்தை எங்கேயும் தொலைத்துவிடவில்லை. உதடு எதையோ தேடியது.

"பேரு கேக்கல்லையே மகன்" என்றார். பிறகு, ஏதோ ஒன்றையாவது கொடுத்துவிட வேண்டும் என்கிற மாதிரி, "கேன் ஞாபகம் இரிக்கி. நீல மூடி" என்றார்.

எனக்கும் அதுதான் ஞாபகம்.