அண்ணாச்சி கவிழ்த்த தம்ளர்

அம்பாசமுத்திரம் கிளைக்கு மாற்றலாகி வந்த பிறகு எனக்கு அலுவலகத் தொலைபேசியில் அழைப்பு வருவது அபூர்வம். மேலாளர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். திருநெல்வேலியிலிருந்து நண்பன் இசக்கிமுத்து பேசினான்.

"அண்ணாச்சி போயிட்டாக வே. வீட்டுலதான். தூக்கத்துலயே போயிட்டாக."

எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவன் இன்னும் முடிக்கவில்லை.

"பெட்டி வந்துட்டு. கண்ணாடிப் பெட்டி. உள்ள வச்சி மூடிட்டாக. நான் சொல்லிப் பாத்துட்டேன், ஒருத்தரும் காதுல வாங்க மாட்டேங்காக. நீரு உடனே வாரும்."

முதல் செய்திக்கு வராத நடுக்கம் இந்தச் செய்திக்கு வந்தது. சங்கரலிங்கம் அண்ணாச்சி கடைசியாக என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தம்மை எந்தப் பெட்டிக்குள்ளும் வைத்து மூடக் கூடாது. ஆகட்டும் என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தேன்.

பதினாறாம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சிடுகிறார்கள். அதில் அவரைப் பற்றி எழுதித் தரும்படி அவர் மனைவி கோமதி மதினி கேட்டார்கள். இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் அவரை வங்கிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த கேஷியராகத்தான் அறிவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் எங்கே போனார் என்பது சிலருக்குத்தான் தெரியும். சீட்டாடப் போகிறார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பழியை முதலில் துடைத்துவிட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது திருநெல்வேலிக் கிளையில் அவர்தான் கேஷியர். நிலபுலன் இருந்து கரைந்த சைவக் குடும்பம். நெற்றியில் திருநீறு, கையில் ரப்பர் பேண்டு, குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. சாயங்காலம் பணத்தை ஸ்ட்ராங் ரூமில் வைக்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போவார். உள்ளே நுழையும் முன் ஒவ்வொரு நாளும் அதே வார்த்தைதான். "கதவுல கால வச்சிக்கிடும் வே." நானும் செருப்புக் காலைக் கதவிடுக்கில் கொடுத்து நிற்பேன். அது ஏதோ வங்கி விதி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

அவருடைய பள்ளித் தோழர் ஒருவர் புன்னக்காயல்காரர், கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். ஒருமுறை விடுப்பில் வந்தபோது எந்தத் துறைமுகத்திலோ கிடைத்ததென்று ஓர் அட்டைப் பெட்டியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே விதவிதமான பகடைகள், ஓர் ஆங்கிலப் புத்தகம். புத்தகத்தின் பின்பாதி கிழிந்து போயிருந்தது. அண்ணாச்சி முன்பாதியை மட்டும் படித்துவிட்டு மீதியைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்.

விளையாட்டு இதுதான். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். நடத்துகிறவர் இடத்தைச் சொல்வார்: நிலாவில் தோண்டிய ஒரு சுரங்கம், கீழே யாரோ தட்டுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். ஓடினால் தப்புவோமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. உயிரோடு வெளியே வந்தால் சரி.

வண்ணார்பேட்டையில் இசக்கிமுத்து வேலை பார்த்த பார்சல் ஆபீசுக்கு மேலே ஒரு மாடியறை. ஒரே படிக்கட்டு, தெருப்பக்கம் கம்பி போட்ட ஒரு சன்னல். அங்கேதான் நாங்கள் கூடுவோம்: இசக்கிமுத்து, பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் கணக்கு நடத்தும் ஜெயராணி டீச்சர், நான். எங்களை அண்ணாச்சி அடைக்காத இடமில்லை. விண்வெளிக் கப்பல், கடலடிக் கூடாரம், மணிமுத்தாறு அணைக்கு அடியில் இல்லவே இல்லாத ஒரு சுரங்கம். துரத்தி வருவது என்னவென்று ஒருநாளும் சொல்ல மாட்டார். தாழ்ப்பாளைச் சொல்வார், கதவுக்குக் கீழே தெரியும் வெளிச்சத்தைச் சொல்வார், அந்த வெளிச்சம் மறைவதைச் சொல்வார். எல்லாம் ரூபாய் நோட்டு எண்ணுகிற அதே குரலில். அப்புறம் எங்களைப் பார்த்து, "சரி, இப்ப என்ன செய்யுதிய?" என்பார். பட்டப்பகலில், கீழே பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும். டீச்சர் ஒருதடவை பயத்தில் சுண்டலை மடியில் கொட்டிக்கொண்டார். பிறகு அதைக் கணக்குப் பிழை என்று சாதித்தார்.

அவரிடம் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் தம்ளர், எல்லாம் மதினி கொடுத்துவிட்டவை. தம்ளர் நிமிர்ந்திருக்கும்வரை நாம் எது சொன்னாலும் அது ஆட்டத்துக்குள் சொன்னது. நிஜமாகவே ஏதாவது சொல்ல வேண்டுமானால் தம்ளரைக் கவிழ்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். கவிழ்த்துச் சொன்னதை யாரும் கேலி செய்யக் கூடாது, உடனே நம்ப வேண்டும். இது அவர் வீட்டிலும் புகுந்துவிட்டது. சண்டை முற்றினால் மதினி தம்ளரைக் கவிழ்ப்பார்களாம், அண்ணாச்சி உடனே வாயை மூடிக்கொள்வாராம். "ஒங்க வெளையாட்டுல உருப்படின்னா இது ஒண்ணுதான்" என்று மதினி எங்களிடமே சொல்லியிருக்கிறார்கள்.

ஆறு பெருகிய அந்த வருடத்து ஐப்பசி மழையில், புத்தியுள்ளவர்கள் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மாடியறையில் இருந்தோம். அன்றைய கதையில் எங்கள் விண்வெளிக் கப்பலின் அடித்தளத்தில் ஓட்டை, குளிரூட்டும் திரவம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் வடை வாங்கப் படியிறங்கிய இசக்கிமுத்து வெறுங்கையோடு ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, படிக்கட்டுல தண்ணி ஏறுது!"

அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிப் போடுலே! எத்தனாவது படி?"

"நாலாவது படி அண்ணாச்சி."

"உருட்டு."

அவனும் உருட்டினான். அதைத்தான் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறோம். தெருவையே ஆறு விழுங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன், பழக்கதோஷத்தில் குனிந்து பகடையை உருட்டினான். நல்ல எண் விழுந்தது. தண்ணீர் நாலாவது படியிலேயே நிற்கிறது என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார், டீச்சர் அதைக் குறித்தும் கொண்டார். அதற்குப் பிறகே இசக்கிமுத்துவுக்கு உறைத்தது. தன் தம்ளரை எடுத்து அப்படியே கவிழ்த்தான். மிச்சமிருந்த தேநீர் எங்கள் கப்பல் வரைபடத்தின் மேல் ஓடியது.

சன்னலுக்குப் போய்ப் பார்த்தோம். தெருவில் பார்சல் மூட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. படிக்கட்டில் பாதிக்கு மேல் தெரியவில்லை. மேலே மொட்டைமாடிக்கு வழி இல்லை, சன்னலில் கம்பி. எங்களை யாரும் அடைக்கவில்லை, ஆனால் அடைபட்டுவிட்டோம்.

அண்ணாச்சி சன்னல் கம்பி இரண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. முகத்தை வெளியே வைத்துக்கொண்டே, "ஆட்டத்த நிறுத்தாதிய" என்றார். எங்கள் கப்பலை ஒரு கிரகத்தில் இறக்கினார். அங்கே சுவர் இல்லை, கதவு இல்லை, துரத்துவதும் இல்லை. வெறும் பொட்டல். நாங்கள் நடந்தோம், அவர் காற்றைச் சொன்னார், தூரத்தைச் சொன்னார், வானத்தைச் சொன்னார். யாராவது ஓய்ந்தால், "இப்ப என்ன செய்யுதிய?" என்பார். நடக்கிறோம் அண்ணாச்சி என்போம். மறுநாள் கடற்கரைப் பக்கமிருந்து லாரியில் ஏற்றி வந்த மீன்பிடி வள்ளம் எங்களை மீட்கும்வரை அவர் அந்தக் கம்பியை விடவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. எங்களுக்குத் தைரியம் கொடுக்கிறார் என்று நாங்கள் மூவரும் நினைத்தோம்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறாவது பஸ் பிடித்து வந்துவிடுவேன். இந்த ஆண்டு அண்ணாச்சிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஸ்கேன் எடுக்க மதுரைக்குக் கூட்டிப் போனோம். அந்த வளையத்துக்குள் படுக்கையைத் தள்ளியதும் எழுந்து வெளியே வந்துவிட்டார். உள்ளூர் ஆஸ்பத்திரியில் நான் துணைக்கு இருந்த ஒரு பிற்பகல், குடித்து முடித்த தம்ளரை என்னைப் பார்த்தபடியே கட்டிலோரம் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குப் பயமா இருக்கு வே" என்றார். "சாவுக்கு இல்ல. மூடிருவாகளோன்னுதான்."

பிறகு சொன்னார். சிறுவயதில் பழைய வீட்டில் கண்ணாமூச்சி ஆடும்போது நெல் கொட்டுகிற பத்தாயத்துக்குள் இறங்கி ஒளிந்தாராம். மேல் மூடி விழுந்து கொண்டி மாட்டிக்கொண்டது. "வெளிய ஆளு நடமாடுத சத்தம் கேக்கு. நான் கத்துதேன். பய வெளையாடுதான்னு சிரிச்சிட்டே போறாக. அங்கன கெடந்துதான் யோசிச்சேன், இது வெளையாட்டு இல்லன்னு சொல்ல ஒரு அடையாளம் வேண்டாமான்னு."

சாயங்காலம் வேலைக்காரர் நெல் எடுக்க வந்துதான் திறந்தாராம். தம்ளர் விதி எங்கிருந்து வந்தது, ஸ்ட்ராங் ரூம் கதவில் என் கால் எதற்கு என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை பயம் உள்ள மனிதர் அந்தப் பயத்தையே எங்களுக்கு விளையாட்டாக ஆக்கித் தந்தார். எனக்கு அழுகை வந்தது. "நான் போனப்பறம் ஐஸ் பெட்டி கொண்டாருவாக. அதுல என்னையப் போட்டு மூடவிடாதேயும்" என்றார். மதினியிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சாவப் பத்திப் பேச்செடுத்தாலே அவ அழுதுருதா. நீருதான் பாத்துக்கிடணும்." சொன்ன பிறகு தம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டு, மத்தியான இட்லியைக் குறை சொல்லத் தொடங்கினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி கூடத்து நடுவில் இருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் நீர் பூத்து, அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. டீச்சர் சுவரோரம் நின்றார். இசக்கிமுத்து வாசலில் மதினியின் அண்ணனோடு மல்லுக்கு நின்றான். அவர் ஓய்வுபெற்ற தாசில்தார், நியாயமான மனிதர். அதுதான் தொல்லையாகிவிட்டது.

"மக கோயம்புத்தூருலருந்து நாளைக்குக் காலையிலதான் வாரா. அதுவரைக்கும் உடம்பு தாங்காண்டாமா? போன மனுசனுக்கு மூச்சா முட்டப் போகுது?" என்றார். நான் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அது சீக்காளி பேசுத பேச்சு. எழவு வீட்டுலயும் வந்து ஒங்க வெளையாட்டப் பேசாதிய."

விளையாட்டு என்று அவர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்தாயத்துக்கு வெளியே சிரித்துக்கொண்டு போனவர்களின் காலடிச் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. அவரை விட்டுக் கூடத்துக்குள் போனேன். மதினி பெட்டியின் தலைமாட்டில் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுக்களைக்குப் போய் ஒரு தம்ளரை எடுத்து வந்தேன். மதினிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அதைக் கவிழ்த்து வைத்தேன்.

மதினி தம்ளரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அவுக சொன்னாகளா?"

"சொன்னாக மதினி. தம்ளரக் கவுத்து வச்சிட்டுச் சொன்னாக. பெட்டிக்குள்ள வச்சி மூடக் கூடாதுன்னு."

அவர்கள் வேறு எதுவும் கேட்கவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். "அண்ணே, பெட்டியத் தெறங்க" என்றார்கள். தாசில்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவுகளுக்குப் பயம்ணே. தெறங்க."

மூடியை நாங்கள்தான் தூக்கினோம். இசக்கிமுத்து பார்சல் வண்டியில் ஐஸ் பாளங்கள் கொண்டு வந்தான். வாசல் பந்தலில் காற்றோட்டமாக விசுப்பலகை போட்டு, சுற்றிலும் மரத்தூளும் ஐஸுமாக வைத்து, அவரை அதில் கிடத்தினோம். உருக உருக மாற்றினோம், தாசில்தாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பாளம் தூக்கினார். காலையில் மகள் வடிவு வந்து இறங்கியபோது அப்பாவின் முகத்துக்கும் அவளுக்கும் நடுவில் எதுவும் இல்லை. கன்னத்தில் கன்னம் வைத்து அழுதாள்.

ஆற்றங்கரைக்கு வண்டியில் கொண்டுபோனோம். ஏற்றி முடித்ததும் டிரைவர் பின்கதவுகளைச் சாத்த வந்தார். நான் ஏறி, ஒரு கதவிடுக்கில் செருப்புக் காலைக் கொடுத்தேன். "ரோடு சரியில்ல சார், கதவு அடிச்சிரும்" என்றார் டிரைவர். மற்றொரு கதவிடுக்கில் இன்னொரு கால் வந்து நின்றது. தாசில்தார். என்னைப் பார்க்காமல், "பைய ஓட்டும்" என்று டிரைவரிடம் சொன்னார்.

வண்ணார்பேட்டை வழியாக, பார்சல் ஆபீசையும் அந்தக் கம்பிச் சன்னலையும் தாண்டி, இரண்டு கதவும் திறந்தபடியே போனோம். தாமிரபரணிக் காற்று உள்ளே வந்து அவர் மேல்துண்டை அசைத்தது. குண்டும் குழியுமான இடங்களில் கதவு காலில் இடித்தது, வலித்தது. எடுக்கவில்லை.

கால வச்சிருக்கேன் அண்ணாச்சி. பைய போயிட்டு வாங்க.