கோக்கி கட்டிய கம்பி

இலங்கையின் மாத்தளைப் பக்கம், றத்தோட்டைக்கு மேலே, காட்டோரத்து விடுதியொன்றில் நாகமுத்து ஒன்பது வருடமாகக் கோக்கி, சமையல்காரன். அங்கே வந்து தங்குகிறவர்கள் இயற்கை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். பிளாஸ்டிக் போத்தலைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். தண்ணீர் வீணாகும், துவாயைத் தினமும் துவைக்காதே என்பார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குக் காட்டுப்பன்றி கிடைக்குமா என்று காதோடு காதாகக் கேட்பார்கள். இல்லையென்று சொல்லும் கோக்கியை முதலாளி வைத்திருக்கமாட்டார். அதனால் நாகமுத்து பழைய பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு, தோட்டத்துக் கொய்யா மரத்தில் கட்டி வைப்பான்.

அன்று காலை சுருக்கில் மாட்டியது சிறுத்தை. கம்பி இடுப்புச் சதையைப் பிளந்து உள்ளே போயிருந்தது. வலி தாங்காமல் மண்ணைப் பிறாண்டி உறுமியது. வனஜீவராசிகள் அதிகாரி வந்துசேர ஒரு மணித்தியாலமாவது ஆகும்.

"கிட்டப் போகாதீங்க!" என்று வழிகாட்டிப் பெண் ஹம்சிகா கைகளை விரித்து மறித்தாள். யார் கேட்டார்கள்? தங்க வந்தவர்கள் ஆறு பேர், ஆறு போன். அவர்கள் நெருக்க நெருக்க, அவள் முதுகு சிறுத்தைக்குப் பத்தடியில் வந்து நின்றது.

அந்தக் கொய்யா உளுத்த மரம் என்பது நாகமுத்துவுக்கு மட்டும்தான் தெரியும். சின்னப் பன்றிக்குத் தாங்கும், இதற்குத் தாங்காது. சொன்னால் கம்பி கட்டியவன் யாரென்று வெளியே வந்துவிடும், பிறகு மறியல்தான், சிறைக் கம்பிதான். வாயை மூடிக்கொண்டு நின்றான், பாவி. மரம் நெறுநெறுத்தபோதுதான் கத்தினான்.

"ஓடுங்க! நாந்தான் கட்டுனேன், மரம் உளுத்தது!"

அப்போதும் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவனின் வாயில் குத்தி, ஹம்சிகாவைப் பிடித்துத் தள்ளினான். மரம் முறிந்தது. பாய்ந்த சிறுத்தை அவனுடைய இடது முழங்கையைக் கவ்வி உலுக்க, எலும்பு நொறுங்கியது. பிறகு அது கம்பியோடு நாலு எட்டு ஓடி, குடல் சரிந்து செத்தது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வாக்குமூலம் எழுத, யாழ்ப்பாணத்துக்காரரான வனஜீவராசிகள் அதிகாரி உமாசுதன் வந்தார்.

"கம்பி கட்டினது நீங்கள்தானே?"

"நாந்தாங்கய்யா. வாயத் தொறக்காம நின்னதும் நாந்தான். கறி கேட்டவங்களையும் எழுதுவீங்களா?"

உமாசுதன் வாக்குமூலப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "அவை கொழும்புக்குப் போயிட்டினம். இதில அதுக்கு இடமும் இல்லை."

நாகமுத்துவுக்கு ஆத்திரம் பொங்கியது. தாளை இழுத்துக் கையெழுத்து வைத்தான்.

"அடுத்த கோக்கிக்கிட்டயும் கேப்பாங்கய்யா," என்றான்.