வாசலில் சொல்லாமல் விட்டது

உப்புத்தண்ணீர் அரித்த புண்ணில் தேங்காயெண்ணெய் தடவினால் ஒரு வாடை எழும். சுனாமிக்கு அடுத்த வருஷம், மரக்காணத்தில் எங்கள் வீடு பொழுது சாய்ந்தால் அந்த வாடையில்தான் இருந்தது. அம்மா உப்பளப் பாத்திக்குள் நின்று உப்பு வாருகிறவள். பாத வெடிப்பு ஆறவே இல்லை. இன்னொரு கோடை அதில் நின்றால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஆரோவில் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் வீட்டில், அங்கே தோட்டவேலை பார்த்த எங்கள் தெரு ஆரோக்கியம் மாமா அம்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரம் பார்த்த பிறகுதான் நிரந்தரம் என்று பேச்சு.

அந்த ஒரு வாரமும் அம்மா பட்ட பாடு இருக்கிறதே! அந்த அம்மாள் கூடத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். தொந்தரவாகிவிடக் கூடாதே என்று அம்மா செருப்பை வெளியே விட்டு, தலையைக் குனிந்து, சுவரோரமாகப் பூனைபோல் உள்ளே போவாள், வேலை முடிந்ததும் அப்படியே வெளியே வருவாள். பெரிய மனுஷர் வீட்டில் அதுதான் எங்கள் ஊர் மரியாதை.

சனிக்கிழமை பள்ளி லீவு என்பதால் நானும் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது மாமா தடுத்தார். "ஏம்மா முனியம்மா, அந்தம்மா மேல உனக்கு என்னா கோவம்? இஷ்டமில்லன்னா திங்கக்கெழமையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

"ஐயோ, நான் என்னாண்ணா தப்பு பண்ணேன்? ஒரு வாரமா வாயே தொறக்கலியே!"

"அதாம்மா தப்பு! அவங்க நாட்டுல கடைக்குள்ள போனாக்கூட மொதல்ல 'போன்ழூர்'னு வணக்கம் சொல்லணும். சொல்லாம பூந்தா, அவங்கள மதிக்கலன்னு அர்த்தம்."

மறுநாள் முழுக்க மாமாவே வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். பார்த்ததும் 'போன்ழூர் மதாம்', எதைக் கேட்டாலும் தயவுசெய்து என்பதற்கு 'சீல் வூ ப்ளே', எதை வாங்கினாலும் நன்றிக்கு 'மெர்சி'. "தண்ணி குடுத்தாக்கூடவா?" என்று அம்மா வாயைப் பிளந்தாள். 'ஓ ருவார்' மட்டும் உடனே பிடித்துப்போயிற்று. "இது நம்ம 'போயிட்டு வர்றேன்'தானே!" என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். வாசலில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஆனால் சொன்னதென்னவோ, உப்பளத்தில் அடுத்த பாத்திக்காரியைக் கூப்பிடுகிற குரலில், "போன்ழூர் மதாம்!" அந்த அம்மாள் திடுக்கிட்டு, புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தார். "போன்ழூர், முனியம்மா" என்று முகமெல்லாம் சிரித்தார். உப்பள மேஸ்திரியிடம் "ஏய், இந்தா" என்று மட்டுமே கேட்டுப் பழகிய அம்மா, "எனக்காக எழுந்து நின்னாங்கடி" என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வேலை நிலைத்தது, கால் ஆறியது, நானும் படித்தேன். இன்று புதுச்சேரியில் ஒரு ஓட்டல் வரவேற்பில் நிற்கிறேன். சாவியை நீட்டினால் ஒரு நாட்டுக்காரர் நன்றி சொல்கிறார், இன்னொருவர் தலைதாழ்த்துகிறார், நம்மவர் "சாப்ட்டியாம்மா" என்கிறார். அந்த அம்மாள் ஊர் திரும்பிவிட்டார், வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆரோக்கியம் மாமாவும் இப்போது இல்லை. இருவருக்கும் நான் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. அந்த உறுத்தலில்தான் போன வாரம் அம்மாவிடம் போனில், "நன்றிம்மா" என்றேன்.

"என்னாடி இது, வேத்து மனுஷிகிட்ட சொல்றாப்ல?" என்று அதட்டினாள். பிறகு "வெச்சுடறேன்" என்றவள், வெகுநேரம் வைக்காமலே இருந்தாள்.