எண்ணூர் முகாமில் ஒரு ஒப்புதல் படிவம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். கையெழுத்து இல்லாத எதுவும் என் கணக்கில் நடந்ததே ஆகாது.

வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் கழிமுகத்தில் புகுந்தபோது, மீனவர்களே அதை அள்ள இறங்கினார்கள். அவர்களுக்குக் கை, தோள் பிடித்துவிட ஒரு தொண்டு முகாம் நடந்தது. நானும் அதற்காக இரண்டு நாள் பயிற்சி எடுத்தேன். ஆனால் பிடித்துவிடுமுன் கையெழுத்து வாங்க ஒப்புதல் படிவம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு, மேசையைவிட்டு எழவே இல்லை.

ஐம்பது வயது மீனவர் ஒருவர் வந்தார். மேசையிலிருந்த எலுமிச்சைப்புல் தைலத்தை முகர்ந்து, "நாள் பூரா எண்ணெய அள்ளிகினு வந்தா, இங்கயும் எண்ணெயா?" என்று சிரித்தார்.

"மொதல்ல கையெழுத்து போடுங்க" என்றேன்.

அவர் விரலிலிருந்து பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. நான் விதியை விளக்கத் தொடங்கினேன்.

"இன்னா நைனா, பேனா புடிக்க முடிஞ்சா நான் இன்னாத்துக்கு இங்க வரேன்? வெரலு மடங்கல. நாளைக்கு வாளி தூக்கணும்."

கைநாட்டு வாங்க மைப்பெட்டியைத் தேடினேன்.

"மை எதுக்கு? அதான் கீதே" என்று, எண்ணெய் அப்பிய கட்டைவிரலைப் படிவத்தில் அழுத்தினார். ரேகை அச்சடித்ததுபோல் விழுந்தது.

வெட்கத்தோடு எழுந்தேன். வெந்நீரில் அவர் கையைக் கழுவி, ஒவ்வொரு விரலாகப் பிடித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் விரல்கள் மெல்ல மடங்கின. அவரே பேனாவை எடுத்து, ரேகைக்குக் கீழே கோணலாகப் பெயரை எழுதினார்.

"இந்தா, நீ கேட்ட கையெழுத்து."

ஒரே படிவத்தில் ரேகையும் கையெழுத்தும் இருந்தால், பணியில் இருந்த காலத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன். மறுநாள் முதல், கையைப் பிடித்துவிட்ட பிறகே படிவத்தை நீட்டினேன்.