ஸ்கொட்லாந்துச் சொல்லுகளுக்குச் சொந்தம் பார்த்தது

மனைவி செத்த வருஷம்தான் பேக்கரியில் மா மூட்டை தூக்கி முதுகு போனது. வேலையும் போனது. மோர்னிங்சைட் தெரு வீட்டில் நானும் மகளும் மட்டும்.

மகள் யூனிவேர்சிட்டியில் படித்தாள். என்ன படிப்பு என்று சொன்னால் சனம் சிரிக்கும். ஸ்கொட்லாந்துக்காரர் தங்கட பாஷையில் எழுதின பழைய புத்தகங்களில் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கினம். நல்லது என்பதை எழுத்துக்கூட்டி வாசித்தால் ஒருத்தன் குயிட் என்கிறான், ஒருத்தன் கூட், வடகிழக்குப் பக்கத்தான் க்வீட். எல்லாம் ஒரே சொல்தான் என்று கொம்பியூட்டர் கண்டுபிடிக்கவேணும். அதுக்கு அவள் புரோகிராம் எழுதினாள்.

மனைவியின் தம்பி ஒருநாள் வந்து தேத்தண்ணி குடித்தபடி நக்கலடித்தான்.

"அத்தான், வெள்ளைக்காரனே மறந்த பாஷைக்கு உங்கட மகள் ஆள் பிடிக்கிறாளாம். நேர்ஸிங் படிச்சிருந்தால் இப்ப வீடு வாங்கியிருப்பாள்."

"அவை மறக்கேல்ல மாமா. நீங்கள்தான் உங்கட பிள்ளையளோட தமிழ் கதைக்கிறேல்ல," என்றாள் மகள்.

அவன் பிறகு பிஸ்கட்டைத்தான் பார்த்தான்.

ஒரு சொல்லில் எத்தனை எழுத்தை மாற்றினால் மற்றச் சொல் வரும் என்று புரோகிராம் எண்ணும். கொஞ்சம் மாற்றினால் கிட்ட. கனக்க மாற்றினால் தூரம்.

"சொந்தம் பாக்கிற மாதிரி," என்றேன்.

சிரித்தாள். தாய் போனபிறகு அவள் சிரிப்பது குறைவு.

புரோகிராம் கிட்ட என்று சொல்வதெல்லாம் சரியில்லை. ஒரு ஆள் இருந்து பார்க்கவேணும். நான் சும்மா இருந்தேன். லப்டொப்பைத் தந்தாள். இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் வரும். கீழே இங்கிலீஷில் கருத்து இருக்கும். ஒரே சொல் என்றால் பச்சை, வேறு என்றால் சிவப்பு.

"கருத்து இல்லாட்டி ஒண்டையும் அழுத்தாதேங்கோ அப்பா. விடுங்கோ, நான் பாக்கிறன்."

ஏப்ரல் முடியமுதல் இதை முடித்துக் கொடுத்தால் அவளுக்குக் கடல் தாண்டி ஸ்கொட்லாந்தில் வேலை. பிந்தினால் அந்த இடம் வேறு ஆளுக்கு. சொல்லிப்போட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் லப்டொப்பைப் பார்த்தேன்.

குளிர்காலம் முழுக்க ஜன்னலடியில் இருந்து அழுத்தினேன். முதுகு நோகும். எழும்பி நடந்துவிட்டுத் திரும்ப இருப்பேன்.

மார்ச்சில் அவள் எடுத்துப் பார்த்தாள். நிறையப் பிழை. கருத்து இல்லாமல் வந்ததெல்லாம் பச்சை. கருத்து இருந்ததிலும் பிழை. ஹேம் என்றால் வீடு. ஹேல் என்றால் முழுசு. அதையும் ஒன்றாக்கியிருந்தேன். புரோகிராம் என்னைப் பார்த்துத்தான் பழகுமாம். நான் பிழை விட்டால் அதுவும் விடும். எல்லாத்தையும் முதலில் இருந்து பார்க்கவேணும்.

அவள் கத்தவில்லை.

"நான் போகக்கூடாது எண்டோ அப்பா இப்பிடிச் செய்தனீங்கள்?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

விடிய அவள் கோப்பி போட வந்தபோது சொன்னேன்.

"அம்மான்ர செத்தவீட்டில நான் வாசல்ல நிண்டனான். தெரியாத சனமெல்லாம் வந்தது. ஒருத்தர் மாமியின்ர வழி எண்டார். ஒரு அன்ரி பெரியப்பான்ர சம்பந்தி பக்கம் எண்டா. எனக்கு ஒருத்தரும் ஆரெண்டு பிடிபடேல்ல. எல்லாருக்கும் ஓம், ஓம் எண்டனான். சொந்தம் எண்டு வந்து நிக்கிறவைக்கு இல்லை எண்டு சொல்லுறதோ? உதுக்கும் அப்பிடியே கை பச்சையை அழுத்திப்போட்டுது."

"சொல்லுக்குமோ அப்பா பாவம் பாப்பீங்கள்?"

"இல்லை எண்டால் அது தனிய நிக்கும்தானே."

அவள் கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நான் போறது உங்களுக்கு ஓகேயோ?"

"இல்லை. ஆனா அதுக்காகப் பிழை போடேல்ல."

வந்து என் தோளில் நெற்றியை வைத்தாள். கொஞ்சம் அழுதாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து இருந்தோம். அவள் வாசித்துச் சொல்வாள், நான் அழுத்துவேன். சிவப்பை அழுத்த முதலில் கை கூசியது. பிறகு பழகிவிட்டது. அவள் படுத்தபிறகும் இருந்து பார்த்தேன். கெதியாய் முடித்தால் கெதியாய்ப் போவாள் என்று தெரியும். தெரிந்துதான் கெதியாய்ச் செய்தேன்.

ஏப்ரல் முடிய முன்னமே முடிந்தது.

"அனுப்பவோ அப்பா?"

"அனுப்பு."

அனுப்பினாள். நான் லப்டொப்பை மூடினேன்.

கோடை முடிய ஸ்கொட்லாந்துக்குப் போனாள். எயார்போட்டில் மாமன்காரன்தான் கனக்கக் கதைத்தான். குளிருக்குச் சப்பாத்து வாங்கு, மழைக்குக் கோட்டு வாங்கு என்றான். அவள் உள்ளே போனபிறகு என்னைக் காரில் ஏற்றி வீட்டில் விட்டான்.

போன ஞாயிறு போன் எடுத்தாள். புரோகிராம் இப்போது நல்லாய்ப் பழகிவிட்டதாம். தானே பிரிக்கிறதாம். இனி ஒரு ஆள் இருந்து பார்க்கத் தேவையில்லையாம்.

"சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டேன்.