அம்மாவுக்குத் தெரிந்த இந்தி

ராமநாதபுரத்திலிருந்து உடம்பு முடியாத அம்மாவை வடக்கே ஷாதிபூரில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, அவளுக்குச் சாப்பாடு இறங்கவே இல்லை. கஞ்சியைக் கொண்டுபோய் நீட்டினால், "வாய் கசக்குதுடா", "இப்பத்தானே குடிச்சேன்", "அப்புறம் பாக்கலாம்" என்று ஏதாவது சொல்லித் தள்ளிவிடுவாள். எனக்கு யாரையும் வற்புறுத்தத் தெரியாது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "மாஜி, தோடா கா லோ" என்று கொஞ்சம் சாப்பிடச் சொன்னார். அம்மா "அச்சா, அச்சா" என்று முழுவதையும் சாப்பிட்டுவிட்டாள்.

அவர் போனதும் எப்படி என்று கேட்டேன். "மூஞ்சியில அடிச்ச மாதிரி நஹின்னு சொல்ல முடியுமா? சாக்குச் சொல்ற அளவுக்கு எனக்கு இந்தி வராதுடா" என்றாள். இருவரும் சிரித்தோம்.

கூப்பிட்டால் தினமும் வருவதாக அந்த அக்கா வாசலில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். நடுவில் ஒரு சுவர்தான். தினமும் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, நானே கஞ்சியை நீட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவும் கடைசிவரை தமிழிலேயே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.