தலைவலி என்று சொல்லியிருக்கலாம்

ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டு பஸ்ஸை நிறுத்திய வருஷங்கள் அவை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு பக்கம் போராட்டம், கொடுக்கக் கூடாது என்று இன்னொரு பக்கம் முணுமுணுப்பு. கள்ளக்குறிச்சிக்குப் போகிற பஸ் போய்ச் சேருமா, பாதி வழியில் நிற்குமா என்று டிரைவருக்கே தெரியாது. டீக்கடை, சலூன், கரும்பு வெட்டுகிற காடு, எங்கே போனாலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சுதான். நான் பிளஸ் டூ முடித்தது அப்போதுதான். நேரம் பார்த்து முடித்தேன் என்று சித்தப்பா கிண்டல் பண்ணுவார்.

எங்கள் காலனி வடக்கனந்தலுக்குப் பக்கத்தில். அங்கே எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஆலயத்துக்கும் வீட்டுக்கும். பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் வேறு பெயர், பக்கத்திலேயே இந்து, எஸ்.சி. என்று இருக்கும். ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியாரே அப்படி எழுதிவிடுவார், நல்ல எண்ணத்தில்தான். எஸ்.சி.யில் பிறந்தவர் கிறிஸ்தவர் ஆகிவிட்டால் அவர் எஸ்.சி. இல்லை, பி.சி. என்பது சட்டம். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் ஜாதி கழுவிக்கொண்டு போய்விடுமாம். இந்தச் செய்தி டீக்கடைக்காரருக்கு மட்டும் வந்து சேரவில்லை. ஆலயத்துக்குப் போகிறவருக்கும் போகாதவருக்கும் அவர் ஒரே மாதிரி தனி கிளாஸில்தான் ஊற்றினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் ரெண்டு பெயர் வைத்திருந்த யாரையும் நான் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தேன். எஸ்.சி. என்றால் என் மார்க்குக்கு சீட் நிச்சயம். பி.சி. என்றால் கிட்டவே போக முடியாது. எங்கள் தெருவில் டீச்சர் வேலைக்குப் போன பெண் அதுவரை யாரும் இல்லை. அம்மா களை வெட்டப் போகிற இடத்தில் எல்லாம் "எம் பொண்ணு டீச்சருக்குப் படிக்கப் போவுது" என்று சொல்லி வைத்திருந்தாள். போகாவிட்டால் எனக்கும் அதே களைக்கொத்துதான். அந்த வருஷம் சர்டிபிகேட் விஷயத்தில் கெடுபிடி ஜாஸ்தி. யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள் என்றும் பேச்சு. வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவார் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆய்வாளரை எல்லோரும் ஆர்.ஐ. என்றுதான் சொல்வார்கள்.

சித்தப்பா இந்த விசாரணைகளில் கை தேர்ந்தவர். தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான் ஜோடித்துக் கொடுத்திருக்கிறார். சினிமாவுக்குப் போயிருந்தால் செட் போட்டே பிழைத்திருப்பார். ஆர்.ஐ. வருகிற அன்றைக்குக் காலையிலேயே வந்து, வாசல்படிக்கு மேலே இருந்த பைபிள் வசன அட்டையைக் கழற்றினார். சிலுவையை இறக்கி அரிசிப் பானைக்குள் வைத்தார். மளிகைக் கடையில் வாங்கிய முருகன் காலண்டரை அந்த ஆணியிலேயே மாட்டி, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் தடவினார். காலண்டர் பழசாகத் தெரிய வேண்டுமாம். பிறகு என்னைப் பார்த்து, "பொட்டு வெச்சிக்கோ" என்றார். எனக்கு அதில் கூச்சமே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டு போனவள்தானே.

அம்மாவிடம் போனபோதுதான் வாங்கிக் கட்டிக்கொண்டார். "வூட்ட எப்டி வேணா மாத்திக்க கொழுந்தனாரே. என் நெத்திய உட்டுடு" என்றாள் அம்மா. அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சித்தப்பா வெளியே வந்து, "அண்ணி உள்ளயே இருக்கட்டும்" என்று எனக்கு மட்டும் சொன்னார்.

அப்பா எதிலும் தலையிடவில்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அவருக்கு வேலை. லீவு சொல்லிவிட்டு முந்தின நாள் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, முருகனைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. என்னப்பா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல பாப்பா. உனக்கு சீட்டு கெடைக்கணும், அவ்ளோதான்" என்றார்.

மத்தியானம் ஆர்.ஐ. வந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. வேர்த்து விறுவிறுத்து வந்து எங்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். காலண்டரைப் பார்த்தார், என் பொட்டைப் பார்த்தார், குலதெய்வம் எது என்று கேட்டார். சித்தப்பா பக்கத்தில் இருந்துகொண்டு தண்ணீர் பட்ட பாடாகப் பதில் சொன்னார். ஆர்.ஐ. தலையாட்டிக்கொண்டே எழுதினார். எல்லாம் முடிந்த மாதிரிதான். பேனாவை மூடக்கூட ஆரம்பித்துவிட்டார்.

அம்மா ரெண்டு டம்ளரில் காப்பி போட்டு உள்ளே இருந்து என் கையில் கொடுத்தாள். ஆர்.ஐ. முன்னால் நீட்டினேன். "இல்லம்மா, இப்பத்தான் ஓட்டல்ல குடிச்சிட்டு வந்தேன்" என்றார். அவர் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டு இன்னொன்றை அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்பா டம்ளரை வாங்கிக் கண்ணை மூடினார்.

அவருக்கு அது பழக்கம். எதைக் குடித்தாலும் தின்றாலும் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார். ஆலை கேன்டீனில் கூட இருக்கிறவர்கள், "சீக்கிரம் முடி, டீ ஆறிப் போவுது" என்று ஓட்டுவார்களாம். கடையில் சோடா குடித்தாலும் அப்படித்தான். சித்தப்பா வீட்டை எல்லாம் மாற்றினார். அப்பாவுடைய கண் இமையை யார் மாற்றுவது? உதடு வேறு லேசாக அசைந்தது. சித்தப்பா இருமினார், செருமினார், எதுவும் காதில் விழவில்லை. அப்பா எப்போதும் போல நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் "ஆமென்" என்றார்.

கண்ணைத் திறந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. டம்ளரை அப்படியே தரையில் வைத்தார்.

ஆர்.ஐ. அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "இன்னாங்க, தலைவலியா?" என்றார். அவர் எங்களுக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தார், அதை நான் மறுக்க மாட்டேன். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை போதும். மாத்திரை வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வாயைத் திறந்தார்.

எனக்கு அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை. இந்த மனுஷனைக் கடவுளுக்கு முன்னால் இப்படி நிறுத்தி வைத்து ஒரு சீட்டு வாங்க வேண்டுமா என்ற கோபம்தான் எனக்கு வந்தது. பக்தி என்று சொன்னால் அது புளுகு. "தலைவலி இல்ல சார். ஜெபம் பண்ணாரு. எங்க வூட்ல நாங்க கிறிஸ்தவங்க" என்றேன். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஆர்.ஐ. பேனாவைத் திறந்து, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். "நான் இன்னாம்மா பண்றது, ரூல்ஸ் அப்படி. மதம் மாறிட்டா எஸ்.சி. கெடையாது" என்றார்.

எனக்கு எப்போதுமே வாய் நீளம். "அப்போ எங்களுக்கு ஜாதி போயிடுச்சுங்களா சார்?" என்று கேட்டேன்.

"சட்டப்படி அப்படித்தான்."

"அப்போ காப்பிய குடிங்க" என்று ஸ்டூலில் இருந்த டம்ளரை எடுத்து நீட்டினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

சீட் கிடைக்கவில்லை. சித்தப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எங்களால் தங்களுக்கும் விசாரணை வந்துவிடுமோ என்று தெருவே எங்களைக் கண்டால் ஒதுங்கியது, அவர்கள் பயம் நியாயம்தான். அம்மா அன்றைக்கு ராத்திரி பானைக்குள் கைவிட்டுச் சிலுவையை எடுத்து, அரிசித் தவிட்டைத் தட்டிவிட்டு ஆணியில் மாட்டினாள். மாட்டும்போது அழுதாள். டீச்சர் பெண் போய்விட்டாளே என்றுதான் அழுதாள், ஒளித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. பின்னால் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், பயிற்சி இல்லாமலே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பாடம் எடுத்துக்கொண்டே படித்து டீச்சர் ஆனேன். சுற்று வழிதான். அந்த வழியில் கால் வலித்தது, வேறு ஒன்றும் வலிக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆர்.ஐ. வந்துபோன வாரத்து ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

எங்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் காதுக்கும் விஷயம் போயிருந்தது, கொஞ்சம் கை கால் முளைத்துப் போயிருந்தது. பிரசங்கத்தில் அப்பாவைத் தூக்கி வைத்துப் பேசினார். அதிகாரிக்கு முன்னால் பயப்படாமல் சாட்சி சொன்னவர், மகளுடைய படிப்பைவிட தேவனைப் பெரிதாக நினைத்தவர், தேவபயம் என்றால் இது என்று அடுக்கிக்கொண்டே போனார். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள் பக்கம் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ரெண்டு பெயர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். என் அப்பா இல்லையா? அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு உண்மையைச் சொல்லு என்று அர்த்தம் என்றே நான் நினைத்திருந்தேன்.

அப்பா எழுந்து நின்றார். பிரசங்கத்துக்கு நடுவில் யாரும் எழுந்து பேசுகிற வழக்கம் எங்கள் சபையில் இல்லை.

"ஐயா, மன்னிக்கணும்" என்றார். துண்டை ரெண்டு கையிலும் பிடித்திருந்தார். "நான் சொல்லலீங்க. அந்த சார் தலைவலியான்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். பொண்ணு முந்திக்கினா. அவ கொஞ்சம் சும்மா இருந்திருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன். மறுபடி வந்து கேட்டாலும் அவளுக்காக சொல்லுவேன் போலதாங்க இருக்குது. சாமி முன்னாடி நின்னுக்கினு, இல்லாத பேர வாங்கிக்கினு போக பயமா இருக்குதுங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். தலையைக் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். சித்தப்பா எழுந்துபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.